கல்லில் எழுதிய வட்டி

2024 ஆனி மாதம், அம்பாசமுத்திரத்தில் ஒரு கல்யாணம். ஏழரைக்கு முகூர்த்தம் முடிந்தது, எட்டரைக்கு டிபன் பந்தியும் முடிந்தது. மதியச் சாப்பாட்டுக்கு நேரம் கிடந்ததால், "வாங்க மாமா, ஆத்துப் பக்கம் போய்ட்டு வருவோம்" என்று அக்கா மகன் கூப்பிட்டான். பையன் சென்னையில் கம்ப்யூட்டர் வேலை பார்க்கிறவன். எப்போதும் வாய் ஓயாமல் பேசுவான். அன்று ஆறு வரும்வரை பேசவில்லை.

எரிச்சாவுடையார் கோயில் பக்கத்தில், படித்துறையில் உட்கார்ந்த பிறகுதான் வாயைத் திறந்தான்.

"மாமா, ஒரு தப்பு பண்ணிட்டேன். அம்மாட்ட சொல்லிராதீங்க."

விஷயம் இதுதான். ஏழு மாதமாக பங்குச் சந்தையில் 'ஆப்ஷன்' விற்றுக்கொண்டிருக்கிறான். ஆப்ஷன் விற்பது என்றால் என்ன என்று தெரியாதவர்களுக்கு: 'இந்த வாரம் நிஃப்டி இந்த அளவுக்குக் கீழே போகாது, போனால் அந்த நஷ்டம் என்னுடையது' என்று முகம் தெரியாத ஒருவருக்கு உத்தரவாதம் எழுதிக் கொடுப்பது. அதற்குக் கூலியாக ஒரு சின்னத் தொகை முன்னாலேயே கைக்கு வந்துவிடும். கிட்டத்தட்ட இன்ஷூரன்ஸ் கம்பெனி நடத்துகிற மாதிரி. நூற்றுக்குத் தொண்ணூறு தடவை ஒன்றும் ஆகாது. கூலி நமக்கு.

2024 ஜூன் 4. தேர்தல் முடிவு நாள். நிஃப்டி ஒரே நாளில் கிட்டத்தட்ட 6 சதவிகிதம் விழுந்தது. ஏழு மாதம் சம்பாதித்ததெல்லாம் போய், தங்கைக் கல்யாணத்துக்கென்று வைத்திருந்த 4 லட்சத்து 20 ஆயிரமும் போய்விட்டது.

"தொண்ணூறு தடவை ஜெயிச்சேன் மாமா. ஒரு தடவைதான் தோத்தேன். கணக்கு எங்க தப்பிச்சுன்னே தெரியல."

எனக்கு அவனைத் திட்டத் தோன்றவில்லை. அவன் கேட்ட கேள்விக்காகவே உலகம் முழுக்க சில ஆயிரம் பேர் பல்கலைக்கழகங்களிலும் முதலீட்டு நிறுவனங்களிலும் மண்டையை உடைத்துக்கொண்டிருக்கிறார்கள். அந்தத் துறைக்கு 'அஸெட் பிரைஸிங்' என்று பெயர். ஒரு பொருளுக்கு, ஒரு பத்திரத்துக்கு, ஒரு வாக்குறுதிக்கு என்ன விலை தகும், ஏன் தகும் என்று ஆராய்கிற துறை. அதே கணக்கைச் சந்தையில் போட்டுக் காசு பார்க்கிறவர்களை 'குவான்ட்' என்பார்கள். ஆனால், எனக்கு அந்த நேரத்தில் ஞாபகம் வந்தது அமெரிக்கா இல்லை. எங்களுக்குப் பின்னால் இருந்த கோயிலின் ஒரு கல்வெட்டு!

அந்தக் கல்வெட்டை 'எபிகிராஃபியா இண்டிகா' ஒன்பதாம் தொகுதியில் பதிப்பித்தவர் வி. வெங்கய்யா. வட்டெழுத்தில் உள்ள சாசனம் அது. பாண்டியன் வரகுண மகாராஜன் கொடுத்தது. முதலாம் வரகுணனா, இரண்டாம் வரகுணனா என்று ஆய்வாளர்களிடையே விவாதம் உண்டு. எப்படிப் பார்த்தாலும் வயது ஆயிரத்து நூறு வருடங்களுக்கு மேல். மன்னர் அப்போது வடக்கே தொண்டை நாட்டில், பெண்ணையாற்றங்கரை அரைசூரில் முகாமிட்டிருக்கிறார். அங்கிருந்தபடியே முள்ளி நாட்டு இளங்கோக்குடிக் கோயிலுக்கு, அதாவது இன்றைய அம்பாசமுத்திரத்துக்கு, 290 காசு கொடுக்கிறார்.

காசு கோயில் உண்டியலுக்குப் போகவில்லை. இளங்கோக்குடிச் சபையார் கையில் போகிறது. நிபந்தனை: முதலைத் தொடக் கூடாது. ஒரு காசுக்கு வருடத்துக்கு 2 கலம் நெல் வட்டி. ஆக, 290 காசுக்கு 580 கலம். அந்த நெல்லில் சாமிக்கு நாள்தோறும் நான்கு வேளை அமுதுபடி நடக்க வேண்டும். எத்தனை வருடத்துக்கு? வருடக் கணக்கே கிடையாது. சந்திரன் சூரியன் உள்ளவரை என்பார்களே, அந்த வகை.

வட்டிக்குக் கல்வெட்டுத் தமிழில் 'பொலி' என்று பெயர். களத்தில் தூற்றிக் குவித்த நெல்லுக்கும் அதே பெயர்தான். முதல் என்பது விதை, வட்டி என்பது விளைச்சல் என்று நம் ஆட்கள் நினைத்திருக்கிறார்கள். முதலைச் சாப்பிடாமல் பொலியை மட்டும் சாப்பிடு. விதைநெல்லைத் தின்றவன் என்பதற்கு மேல் கிராமத்தில் ஒரு வசவு உண்டா?

நான் பி.காம். படித்தபோது இதே விஷயத்தை வேறு பெயரில் சொல்லிக்கொடுத்தார்கள். முடிவே இல்லாமல் வருடா வருடம் ஒரு தொகை தரும் பத்திரம். அதன் விலையைக் கண்டுபிடிப்பது உலகத்திலேயே சுலபமான கணக்கு. வருடத் தொகையை வட்டி விகிதத்தால் வகுக்க வேண்டும். அவ்வளவுதான். வருடத்துக்கு 6,000 ரூபாய், வட்டி 6 சதவிகிதம் என்றால் பத்திரத்தின் விலை 1 லட்சம். பிரிட்டிஷ் அரசு 18-ம் நூற்றாண்டில் 'கன்சோல்' என்ற பெயரில் இப்படிப் பத்திரம் வெளியிட்டது. அதன் வகையறாவில் மிச்சமிருந்ததை அடைத்து முடித்தது 2015-ல்தான். புத்தகத்தில் அந்த உதாரணம் இருந்தது. இளங்கோக்குடி இல்லை.

சரி, கணக்கு சுலபம். கஷ்டம் எங்கே? 6 சதவிகிதம் என்று எதை வைத்துச் சொல்கிறோம்? 8 சதவிகிதம் போட்டால் அதே பத்திரம் 75 ஆயிரம்தான். 10 போட்டால் 60 ஆயிரம். வரப்போகும் பணம் அதேதான், விலை மட்டும் ஏன் மாறுகிறது? எந்த வாக்குறுதிக்கு எந்த விகிதம்? இந்த ஒரு கேள்விதான் அந்தத் துறையின் மொத்த மூலதனமும்.

விடையை வயல்காட்டில் பார்க்கலாம். தாமிரபரணிக் கால்வாய்ப் பாசனத்தில் ஒரு நஞ்சை. கோவில்பட்டிப் பக்கம் வானம் பார்த்த ஒரு புஞ்சை. பத்து வருடச் சராசரி வருமானம் இரண்டுக்கும் ஒன்று என்றே வைத்துக்கொள்வோம். உங்களிடம் விற்க வந்தால் எதற்கு அதிக விலை கொடுப்பீர்கள்? நஞ்சைக்குத்தான். ஏன்? புஞ்சை நன்றாக விளைகிற வருடத்தில் ஊரெல்லாம் விளைந்திருக்கும், தானியம் சீந்துவாரில்லாமல் கிடக்கும். அது பொய்த்துப் போகிற வருடத்தில் ஊரெல்லாம் பொய்த்திருக்கும். உங்களுக்குப் பணம் மிகவும் தேவைப்படுகிற நேரம் பார்த்து அது கைவிடும். நஞ்சை அப்போதும் ஏதோ ஒன்றைத் தரும்.

ஆக, ஒரு சொத்தின் விலையைத் தீர்மானிப்பது அது சராசரியாக எவ்வளவு தருகிறது என்பது மட்டும் இல்லை. கெட்ட காலத்தில் தருமா என்பது. 1964-ல் அமெரிக்காவில் வில்லியம் ஷார்ப் எழுதிய புகழ்பெற்ற கட்டுரையின் சாரத்தை நெல்லைத் தமிழில் சொன்னால் இதுதான். 1990-ல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது.

இளங்கோக்குடிச் சபையார் எந்தத் தைரியத்தில் காலாகாலத்துக்கும் காசுக்கு 2 கலம் என்று ஒப்புக்கொண்டார்கள் என்பதும் இப்போது புரியும். பொதிகையில் பிறந்து புன்னைக்காயலில் கடலில் சேர்கிற தாமிரபரணிக்குத் தென்மேற்குப் பருவமழையும் உண்டு, வடகிழக்குப் பருவமழையும் உண்டு. அதனால்தான் கார், பிசானம் என்று இரண்டு போகம். ஒரு மழை ஏமாற்றினாலும் இன்னொன்று ஓரளவு ஈடு கட்டும். எல்லா முட்டையையும் ஒரே கூடையில் வைக்காதே என்பதை 1952-ல் ஹாரி மார்கோவிட்ஸ் கணிதமாக எழுதினார். இங்கே இயற்கையே இரண்டு கூடை கொடுத்திருக்கிறது.

வரகுணன் பெயரிலேயே திருச்செந்தூரில் இன்னொரு பெரிய கல்வெட்டு இருக்கிறது. அங்கே தொகை 1,400 காசு. அதை ஒரே சபையிடம் கொடுக்கவில்லை. பல ஊர்களுக்குப் பிரித்துக் கொடுத்து, ஒவ்வோர் ஊரும் இவ்வளவு அளக்க வேண்டும் என்று எழுதி வைத்திருக்கிறார்கள். ஓர் ஊரில் குளம் உடைந்தாலும் செந்தூர் முருகனுக்குப் பூஜை நிற்காது!

இன்னொரு சாமர்த்தியத்தையும் கவனியுங்கள். முதல் காசில், வட்டி நெல்லில். காசின் மதிப்பு நாளை என்ன ஆகுமோ! சாமிக்கு வேண்டியது சோறு. எனவே, சோறாகவே கேட்டுவிட்டார்கள். விலைவாசி ஏற்றத்தின் தொல்லை கோயிலுக்கு இல்லை.

அப்படியானால் அந்தத் தொல்லை எங்கே போனது? சபைக்குப் போனது. விளைந்தாலும் 580 கலம், விளையாவிட்டாலும் 580 கலம். சபையார் எல்லாருமா வயலில் இறங்கி உழுதார்கள்? உழுதவன் வேறு ஆள். சபைக்கு வந்த தொல்லை அவன் தலையில்தான் கடைசியில் இறங்கியிருக்க வேண்டும். கல்வெட்டில் மன்னர் பெயர் இருக்கிறது, சாமி பெயர் இருக்கிறது, சபை பெயர் இருக்கிறது. அவன் பெயர் இல்லை.

இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். ரிஸ்க் என்பது அழிவதில்லை. கை மாறுகிறது. கை மாற்றிவிடுவதற்கு ஒரு விலை உண்டு. அந்த விலை சரியா என்பதுதான் கேள்வி.

ஆறு காப்பாற்ற முடியாத ரிஸ்க்கும் நெல்லைச் சீமைக்கு வந்தது. 1861-ல் அமெரிக்க உள்நாட்டுப் போர் தொடங்கி, அங்கிருந்து பருத்தி வருவது நின்றுபோனது. இங்கிலாந்து மில்கள் இந்தியாவைப் பார்த்துத் திரும்பின. கரிசல் பூமியிலிருந்து தூத்துக்குடி வழியாகப் போன பருத்தி, லிவர்பூல் சந்தையில் 'டின்னவேலி' என்றே ஒரு ரகம். விலை மடமடவென்று ஏறியது. 1865-ல் போர் முடிந்தது, விலை சரிந்தது. அந்த ஏற்றத்தை நம்பி பம்பாயில் கிளம்பிய ஷேர் பைத்தியமும் கூடவே சரிந்தது. யாரோ எங்கேயோ துப்பாக்கியைக் கீழே வைத்ததற்கு இங்கே இருக்கிறவன் மடியில் அடி!

இந்த மாதிரி ஆட்டத்துக்குக் கணக்கு எழுத முடியுமா? 1900-ல் பாரிஸில் லூயி பஷெலியே முயன்றார். பங்குச் சந்தை விலைகள் குடிகாரன் நடை மாதிரி தள்ளாடிப் போகின்றன என்று வைத்து ஆப்ஷனுக்கு விலை கணக்கிட்டார். அப்போது பெரிதாக யாரும் சீந்தவில்லை. 1973-ல் ஃபிஷர் பிளாக், மைரன் ஷோல்ஸ், ராபர்ட் மெர்ட்டன் ஆகியோரின் சூத்திரம் வந்த பிறகு கதையே மாறிவிட்டது.

இந்தத் துறையில் நம் நாட்டுப் பெயர்கள் நிறைய. 1985-ல் ரஜ்னிஷ் மெஹ்ரா, எட்வர்ட் பிரெஸ்காட்டுடன் சேர்ந்து ஒரு புதிர் போட்டார். அமெரிக்காவில் 1889 முதல் 1978 வரை, விலைவாசி போக, பங்குகள் ஆண்டுக்குச் சராசரியாகச் சுமார் 7 சதவிகிதம் தந்திருக்கின்றன. பத்திரமான முதலீடுகளோ 1 சதவிகிதம்கூடத் தரவில்லை. ஏன் இவ்வளவு பெரிய வித்தியாசம்? மனிதர்கள் அத்தனை பயந்தாங்கொள்ளிகளா?

1991-ல் லார்ஸ் ஹான்சனும் ரவி ஜகந்நாதனும் அந்தப் பயத்தை அளக்க ஒரு கோல் செய்தார்கள். சந்தையில் கிடைக்கும் கூடுதல் லாபத்தை வைத்தே, நல்ல காலத்து ஒரு ரூபாய்க்கும் கெட்ட காலத்து ஒரு ரூபாய்க்கும் மனிதர்கள் தருகிற மதிப்பு குறைந்தபட்சம் எவ்வளவு வேறுபட்டாக வேண்டும் என்று சொல்கிற கோல். 'ஹான்சன் - ஜகந்நாதன் எல்லை' என்று இன்றும் பாடமாக இருக்கிறது. ஹான்சனுக்கு 2013-ல் நோபல் கிடைத்தது.

1993-ல் நரசிம்மன் ஜெகதீஷ், ஷெரிடன் டிட்மன் இருவரும் ஒரு கட்டுரை எழுதினார்கள். கடந்த ஆறு மாதம் நன்றாக ஏறிய பங்குகளை வாங்கு, விழுந்தவற்றை விற்றுவிடு, ஆறு மாதம் வைத்திரு. 1965 முதல் 1989 வரை அமெரிக்கப் பங்குகளில் இப்படிச் செய்திருந்தால் ஆண்டுக்குச் சராசரியாக 12 சதவிகிதம் கூடுதல் லாபம்! ஓடுகிற குதிரை ஓடும் என்கிற கிராமத்து நம்பிக்கைக்குப் புள்ளிவிவரம் கிடைத்த மாதிரி. முதல் வருட லாபத்தில் ஒரு பகுதி அடுத்த இரண்டு வருடங்களில் கரைகிறது என்பதையும் அவர்களே எழுதினார்கள். எத்தனையோ நிறுவனங்கள் இந்த வழியில் பணத்தைப் போட்டன. 2009 மார்ச்சில் சந்தை திரும்பியபோது, செத்துக் கிடந்த பங்குகள் எழுந்து ஓடின. இந்த உத்தி செம அடி வாங்கியது. வருடக்கணக்காக மெதுவாகச் சேர்த்தது சில மாதங்களில் போயிற்று.

மருமகன் நிமிர்ந்து பார்த்தான். "என் கதை மாதிரியே இருக்கே மாமா."

"ஏல, உன் கதை இல்லை. உன்னை விடப் பெரிய ஆளுங்க கதையே இதுதான்" என்று 1998-க்குப் போனேன்.

லாங் டேர்ம் கேபிட்டல் மேனேஜ்மென்ட். 1994-ல் தொடங்கிய நிறுவனம். மேலே சொன்ன ஷோல்ஸும் மெர்ட்டனும் அதில் பங்குதாரர்கள். இருவருக்கும் 1997-ல் நோபல். அடுத்த வருடமே ரஷ்யா கடனைத் திருப்பித் தர முடியாமல் கையை விரித்தது. சம்பந்தமே இல்லை என்று நினைத்திருந்த சந்தைகளெல்லாம் ஒரே நேரத்தில் ஒரே திசையில் ஓடின. நிறுவனம் சுமார் 460 கோடி டாலரை இழந்தது. மொத்த நிதி உலகமும் கவிழ்ந்துவிடுமோ என்று பயந்து, அமெரிக்க மத்திய வங்கி முன்னால் நின்று பேசி, 14 நிறுவனங்களைச் சேர்த்து சுமார் 360 கோடி டாலர் போட வைத்தது.

சாதாரண நாளில் தனித்தனியாக நிற்கிற ஆபத்துகள், கெட்ட நாளில் கை கோத்துக்கொள்ளும். இளங்கோக்குடியில் கார் பொய்த்து, பிசானமும் பொய்த்து, வெள்ளமும் வந்த மாதிரி.

அரிதான சம்பவங்கள் எவ்வளவு அரிது, நடந்தால் எப்படி நடக்கும் என்பதற்கே ஒரு கணிதம் உண்டு. அதற்கு அஸ்திவாரம் போட்டவர்களில் முக்கியமானவர் நம் சென்னைக்காரர். எஸ்.ஆர்.எஸ். வரதன். மாநிலக் கல்லூரியிலும் பிறகு கொல்கத்தாவின் இந்தியப் புள்ளியியல் கழகத்திலும் படித்து, நியூயார்க்கின் கூரண்ட் கழகத்துக்குப் போனவர். 2007-ல் கணிதத்தின் மிகப்பெரிய பரிசுகளில் ஒன்றான ஏபெல் பரிசைப் பெற்றார். பங்குச் சந்தைக்காக அவர் அதைச் செய்யவில்லை. ஆனால், அந்தக் கணக்கு இன்று நிதித் துறையிலும் புழங்குகிறது.

நெல்லை, தூத்துக்குடிக்காரர்களுக்கு 'அரிதான சம்பவம்' என்றால் என்னவென்று பாடம் எடுக்க வேண்டியதில்லை. 2023 டிசம்பர் 17, 18. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் சுமார் 95 சென்டிமீட்டர் மழை. ஸ்ரீவைகுண்டத்தில் செந்தூர் எக்ஸ்பிரஸ் நின்றுபோய், சுமார் 800 பயணிகள் தண்ணீருக்கு நடுவே மாட்டிக்கொண்டார்கள். அதற்கு முந்தைய வருடங்களின் சராசரியை வைத்து வீடு கட்டியவன் எல்லாம் அன்று மொட்டை மாடியில் நின்றான்.

இனி மருமகன் கேள்விக்கு வருவோம். கணக்கு எங்கே தப்பியது?

எத்தனை தடவை ஜெயிப்போம் என்று எண்ணினான். தோற்கும்போது எவ்வளவு போகும் என்று எண்ணவில்லை. அவன் எழுதிக்கொடுத்தது, ஊருக்கே கெட்ட நாளில் நஷ்டத்தை நான் ஏற்கிறேன் என்ற உத்தரவாதம். இருப்பதிலேயே அதிகக் கூலி வாங்க வேண்டிய வேலை அதுதான். வாரம் சில ஆயிரத்துக்கு அதைச் செய்திருக்கிறான். எதிர்ப்பக்கம் யார் இருந்தது என்பதும் அவனுக்குத் தெரியாது.

இந்தியாவில் நிஃப்டி ஃப்யூச்சர்ஸ் 2000 ஜூனிலும் ஆப்ஷன் 2001 ஜூனிலும் வந்தன. விவசாயியும் வியாபாரியும் ரிஸ்க்கைக் கை மாற்றிக்கொள்வது நல்ல விஷயம்தான், அதற்காகத்தான் இந்தச் சந்தைகளே. ஆனால், இங்கே யார் கைக்கு மாறியிருக்கிறது என்று பாருங்கள். 2024 செப்டம்பரில் செபி ஓர் ஆய்வை வெளியிட்டது. 2021-22 முதல் 2023-24 வரை மூன்று நிதியாண்டுகளில், இந்த வியாபாரம் செய்த 1 கோடிக்கும் மேற்பட்ட தனிநபர்களில் 93 சதவிகிதம் பேருக்கு நஷ்டம். தலைக்குச் சராசரியாகச் சுமார் 2 லட்சம் ரூபாய். மொத்தம் 1.8 லட்சம் கோடிக்கு மேல். லாபம் பார்த்தது? சொந்தப் பணத்தில் வியாபாரம் செய்யும் நிறுவனங்கள் 2023-24-ல் மட்டும் சுமார் 33,000 கோடி, வெளிநாட்டு முதலீட்டாளர்கள் சுமார் 28,000 கோடி, செலவுகள் கழிக்கும் முன்பு. அந்த லாபத்தில் 100-க்கு 96, 97 ரூபாய் அல்காரிதம், அதாவது கம்ப்யூட்டர் தானாகச் செய்த வியாபாரத்தில் வந்தது. அந்த நிரலுக்குப் பின்னால் இருப்பவர்கள் மேலே சொன்ன பாடத்தையெல்லாம் கரைத்துக் குடித்தவர்கள்.

குவான்ட்களை வில்லனாக்க நான் வரவில்லை. விலை தெரிந்தவன், விலை தெரியாதவனிடம் வியாபாரம் செய்கிறான். சந்தை என்றால் அப்படித்தான். நான் சொல்ல வருவது வேறு. இளங்கோக்குடிச் சபைக்குப் பின்னால் ஓர் ஆறு இருந்தது. இரண்டு மழை இருந்தது. அதை நம்பித்தான் காலத்துக்கும் வாக்குக் கொடுத்தார்கள். ஷோல்ஸின் கம்பெனி கவிழ்ந்தபோது தூக்கிவிட 14 நிறுவனங்கள் இருந்தன. யாருக்காவது உத்தரவாதம் எழுதிக் கொடுக்கும் முன்பு நாம் கேட்க வேண்டியது ஒன்றுதான்: எனக்குப் பின்னால் என்ன இருக்கிறது?

மருமகனுக்குப் பின்னால் இருந்தது தங்கையின் கல்யாணப் பணம். முதலைத் தொடாதே என்று கல்லில் வெட்டி வைத்தார்களே, அந்த முதல்.

கொஞ்ச நேரம் ஆற்றையே பார்த்துக்கொண்டிருந்தான். கார் பருவத்துத் தண்ணீர் படியைத் தொட்டுக்கொண்டு போனது.

"இப்ப என்ன மாமா செய்ய?"

"முதல்ல அந்தக் கணக்கை மூடு. ரெண்டாவது, மண்டபத்துக்குப் போய் அம்மாட்ட நீயே சொல்லு. அவளுக்குத் தெரியாமலே அவள் தலையில ரிஸ்க்கை எறக்கி வச்சிருக்க. பேரு தெரியாத ஆளா அவளை நிறுத்தாத."

சொன்னான். சாப்பாட்டுப் பந்தி முடிந்த பிறகு, கை கழுவுகிற இடத்தில். அக்கா அழுதாள், பிறகு திட்டினாள், பிறகு தங்கைக் கல்யாணத்தை ஒரு வருடம் தள்ளிப் போடலாம் என்றாள். இதையெல்லாம் எழுதலாமா என்று அவனிடம் கேட்டேன்.

"எழுதுங்க மாமா. தொண்ணூறு தடவை ஜெயிச்சிட்டு இருக்கிற எவனாவது படிக்கட்டும்" என்றான்.